வீக் செல்ஃப் எழுதினால் டைமர் நிற்காது

ஐபோனுக்கும் மேக்குக்கும் செயலி எழுதுகிறவர்களிடம் டைமரைப் பற்றிக் கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: பிளாக் வாங்கும் வடிவத்தைப் பயன்படுத்து, உள்ளே வீக் செல்ஃப் போடு, அவ்வளவுதான். பிளாக் என்பது ஒரு மதிப்பைப் போல எடுத்துக் கொடுக்கக்கூடிய கோடுத் துண்டு; வீக் செல்ஃப் என்பது அந்தத் துண்டு தன்னை எழுதிய பொருளை உயிரோடு பிடித்துவைக்காமல் சுட்டும் முறை. வேலைக்கான நேர்காணலில் இந்தப் பதிலைத்தான் எதிர்பார்க்கிறார்கள். சக ஊழியரின் கோடைப் படித்துக் கருத்துச் சொல்லும்போதும் இதையே எழுதுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர் மனப்பாடம் செய்யும் முதல் சில பாடங்களில் இதுவும் ஒன்று. இது போதாத பதில் என்று மட்டும் சொன்னால் அதற்கு நான் சலுகை காட்டியதாகிவிடும். சிக்கல் எங்கே இருக்கிறது என்பதையே இது இடம் மாற்றிக் காட்டுகிறது. நினைவகத்தைக் கவனி என்கிறது. கவனிக்க வேண்டியதோ, தொடங்கிய வேலை எப்போது முடிய வேண்டும், அதை முடித்துவைக்கும் பொறுப்பு யாருடையது என்பதை.

எதிர்த்தரப்புக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். பழைய என்எஸ்டைமர் ஓர் இலக்குப் பொருளையும் ஒரு செலக்டரையும் கேட்டது. செலக்டர் என்பது வெறும் பெயர். அந்தப் பெயரில் ஒரு செயல்முறை உண்மையிலேயே இருக்கிறதா என்று கம்பைலர் உறுதிசொல்லாது. தப்பாக எழுதியிருந்தால் செயலி ஓடும்போதுதான் விழும். கூடுதல் தகவலை யூசர்இன்ஃபோ என்ற வகை தெரியாத பைக்குள் போட்டு அனுப்ப வேண்டும். டைமரைத் தொடங்கும் வரி கோப்பின் ஒரு மூலையில் இருக்கும், அது செய்யும் வேலை இன்னொரு மூலையில் இருக்கும். ஆப்பிள் 2009-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.6-உடன் பிளாக்குகளைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு ஐஓஎஸ் 4-க்கும் அவை வந்தன. டைமருக்கு மட்டும் பிளாக் வந்து சேர 2016 ஆயிற்று, ஐஓஎஸ் 10, மேக்ஓஎஸ் 10.12 பதிப்புகளில். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆளாளுக்கு என்எஸ்டைமர் மேல் ஒரு கேட்டகரி எழுதிப் பிளாக்கைப் பொருத்திக்கொண்டார்கள். மாட் காலோவே 2013-இல் வெளியிட்ட 'எஃபெக்டிவ் ஆப்ஜெக்டிவ்-சி 2.0' நூலில், டைமர் தன் இலக்கைப் பிடித்துவைத்திருக்கும் என்பதை நினைவூட்டவே தனியாக ஒரு பகுதி உண்டு. பிளாக் கேட்டகரிதான் அங்கே சொல்லப்படும் வழி. ஆகவே 2016-இல் இந்த வசதி அதிகாரபூர்வமாக வந்தபோது மகிழ்ந்தவர்களின் மகிழ்ச்சி நியாயமானது. வேலையும் அதைத் தொடங்கும் வரியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது உண்மையான லாபம். அதை நான் மறுக்கவில்லை.

நான் மறுப்பது அந்த லாபத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த விளக்கத்தை. திரை டைமரைப் பிடித்திருக்கிறது, டைமர் திரையைப் பிடித்திருக்கிறது, இது ரீடெய்ன் சைக்கிள், வீக் செல்ஃப் போட்டால் சைக்கிள் உடையும் என்று வெள்ளைப்பலகையில் இரண்டு பெட்டி வரைந்து இரண்டு அம்புக்குறி போட்டுக் காட்டுவார்கள். பார்க்கத் தெளிவாக இருக்கும். ஆனால் அந்தப் படத்தில் மூன்றாவது பெட்டி விடுபட்டிருக்கிறது. அது ரன்லூப், த்ரெட் ஒன்றில் நிகழ்வுகளுக்குக் காத்திருந்து உரிய வேலையை அழைக்கும் சுற்று.

டைமரை அட்டவணையில் சேர்த்த நொடியிலிருந்து அதை ரன்லூப் வலுவாகப் பிடித்துக்கொள்கிறது. மெயின் ரன்லூப் செயலி உயிரோடு இருக்கும்வரை இருக்கும். அங்கிருந்து டைமருக்கு ஒரு பிடி, டைமரிலிருந்து இலக்குப் பொருளுக்கு ஒரு பிடி. இப்போது வெள்ளைப்பலகைக்காரர் சொல்லும் சைக்கிளை மறுபக்கத்திலிருந்து உடைத்துப் பாருங்கள்: திரையில் இருக்கும் டைமர் ப்ராப்பர்ட்டியை வீக் ஆக்கிவிடுங்கள், அல்லது அந்த ப்ராப்பர்ட்டியே இல்லாமல் எழுதுங்கள். சைக்கிள் போய்விட்டது. திரை விடுபடுகிறதா? விடுபடாது. ரன்லூப் டைமரையும், டைமர் திரையையும் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். சைக்கிளே இல்லாத இடத்திலும் திரை சாகவில்லை என்றால், சிக்கலின் பெயர் சைக்கிளாக இருக்க முடியாது. "ஒவ்வொரு வினாடியும் என்னைக் கூப்பிடு" என்று நாம் கணினியிடம் பதிவு செய்தோம்; பதிவை நாம் திரும்பப் பெறவில்லை; அது சொன்னபடி கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. கணினியின் மேல் எந்தப் பிழையும் இல்லை.

எக்ஸ்கோடின் லீக்ஸ் கருவியைக் கொண்டு தேடினால் இது அகப்படாமல் போவதற்கும் இதுவே காரணம். எந்தப் பக்கத்திலிருந்தும் எட்ட முடியாமல் அநாதையாகிப்போன நினைவகத்தைத்தான் அந்தக் கருவி கசிவு என்று காட்டும். ரன்லூப்பிலிருந்து எட்டக்கூடிய பொருளை அது கசிவாகக் கருதாது, கருதவும் கூடாது. கருவி பச்சைக்கொடி காட்டிவிட்டது, ஆகவே கசிவில்லை என்று வாதாடுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். மெமரி கிராஃபைத் திறந்து பார்த்தால் ரன்லூப்பிலிருந்து கிளம்பும் அந்தக் கோடு தெரியும்.

சரி, பிளாக்கில் வீக் செல்ஃப் போட்டாகிவிட்டது. இப்போது திரையை மூடினால் அது நினைவகத்திலிருந்து போய்விடும். பொருள் அழியும்போது அழைக்கப்படும் டீஇனிட் ஓடும். இதைக் கண்டதும் பெரும்பாலானவர்கள் வேலை முடிந்ததாக எழுந்துபோய்விடுகிறார்கள். ஆனால் டைமர் போகவில்லை. அது ரன்லூப்பில் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு வினாடியும் பிளாக் ஓடுகிறது. செல்ஃப் இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லை என்றதும் திரும்பிவிடுகிறது. அடுத்த வினாடி மறுபடியும். பயனர் அந்தத் திரைக்குள் பத்து முறை போய் வந்தால் பத்து டைமர்கள். ஒவ்வொன்றும் ஒன்றுமில்லாததற்காகப் புராசசரை எழுப்பிக்கொண்டிருக்கும். பிளாக் பிடித்துவைத்திருக்கும் மற்ற பொருள்கள், அது ஒரு படமாகவோ நெட்வொர்க் கிளையண்டாகவோ இருக்கலாம், அவையும் கூடவே தங்கிவிடும். வீக் என்று எழுதியது செல்ஃபுக்கு மட்டும்தானே.

புராசசரை எழுப்புவது அற்ப விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆப்பிள் 2013-இல் ஓஎஸ் எக்ஸ் 10.9-இலும் ஐஓஎஸ் 7-இலும் டைமருக்கு டாலரன்ஸ் என்ற ப்ராப்பர்ட்டியைச் சேர்த்ததே இந்த எழுப்புதலின் செலவைக் குறைக்கத்தான். சற்று முன்பின்னாக ஒலித்தாலும் பரவாயில்லை என்று நாம் அனுமதி கொடுத்தால், அருகருகே ஒலிக்க வேண்டிய பல டைமர்களை இயங்குதளம் ஒன்றாகச் சேர்த்து ஒரே எழுப்புதலில் முடித்துவிடும். இடைவெளியில் பத்து சதவீதமாவது டாலரன்ஸ் கொடுங்கள் என்று ஆப்பிளின் ஆவணம் பரிந்துரைக்கிறது. இயங்குதளத்தை எழுதியவர்கள் ஒவ்வொரு எழுப்புதலையும் எண்ணிப் பார்த்து மிச்சம் பிடிக்கும்போது, செத்த திரைகளுக்காக ஓடும் டைமர்களை நாம் விட்டுவைப்பது பயனரின் பேட்டரியை அவருக்குத் தெரியாமல் எடுப்பதுதான்.

பழைய வடிவத்தில் இந்தத் தவறு கண்ணில் பட்டது. திரை சாகாது, டீஇனிட் ஓடாது, மூடிய திரை பின்னாலிருந்து எதையாவது மாற்றும், யாராவது புகார் சொல்வார்கள். வீக் செல்ஃப் அந்த அறிகுறிகளை எல்லாம் துடைத்துவிட்டது. தவறு அப்படியே இருக்கிறது.

பிளாக் வடிவத்தை வடிவமைத்தவர்கள் இதை அறிந்தே இருந்திருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். பிளாக்குக்கு வரும் ஒரே வாதம் அந்த டைமரேதான். செல்ஃப் இல்லை என்றால் அங்கேயே, அந்த வரியிலேயே, டைமரை இன்வாலிடேட் செய்து, அதாவது நிறுத்தி, விடலாம். ஆனால் நான் படிக்கும் கோடில் பெரும்பாலும் அந்த வாதத்தின் இடத்தில் ஓர் அடிக்கோடு இருக்கிறது: எனக்கு இது வேண்டாம் என்று கம்பைலரிடம் சொல்லும் குறி. நிறுத்துவதற்கென்று கையில் கொடுக்கப்பட்ட பிடியைப் பெயர்கூட வைக்காமல் கீழே போட்டுவிட்டு, பக்கத்திலேயே வீக் செல்ஃப் என்று எழுதி மனநிறைவு அடைகிறோம்.

"டீஇனிட்டில் இன்வாலிடேட் செய்துவிடுவோமே" என்ற பதில் உடனே வரும். முன்னதைவிட இது மேல். வீக் செல்ஃப் இருப்பதால் டீஇனிட் உண்மையிலேயே ஓடும், டைமரும் நிற்கும். இரண்டு குறைகள் அப்படியும் இருக்கின்றன. ஒன்று, எந்த த்ரெட்டில் டைமரைச் சேர்த்தோமோ அதே த்ரெட்டிலிருந்துதான் அதை நிறுத்த வேண்டும் என்கிறது ஆப்பிளின் ஆவணம். டீஇனிட் எந்த த்ரெட்டில் ஓடும் என்பது கடைசிப் பிடியை யார் விட்டார்கள் என்பதைப் பொறுத்தது. மற்றொன்று இதைவிடப் பெரியது. பயனர் ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்கு முன்னேறும்போது பழைய திரை நேவிகேஷன் அடுக்கில் உயிரோடுதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் திரைக்காக டைமர் ஓட வேண்டுமா? விலையைப் புதுப்பிக்கும் டைமர் என்றால் வேண்டாம். பாட்டு ஓடும் நேரத்தைக் காட்டும் டைமர் என்றாலும் வேண்டாம். பொருள் நினைவகத்தில் இருக்கும் காலமும் வேலை நடக்க வேண்டிய காலமும் வெவ்வேறு. திரை தோன்றும்போது தொடங்கி மறையும்போது நிறுத்த வேண்டிய வேலையை டீஇனிட்டிடம் ஒப்படைத்தால், நிறுத்தும் நேரத்தை நினைவக நிர்வாகம் முடிவு செய்யும். அதற்குப் பயனர் எந்தத் திரையைப் பார்க்கிறார் என்பது தெரியாது.

வீக் செல்ஃபைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் பழக்கம் எதிர்த்திசையிலும் கெடுதல் செய்கிறது. ஒரே ஒரு முறை ஒலிக்கும் டைமரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலித்து முடிந்ததும் அது தானாகவே செல்லாததாகிவிடும். ரன்லூப் அதை விட்டுவிடும். பிளாக்கும் அது பிடித்திருந்தவையும் விடுபடும். இங்கே செல்ஃபை வலுவாகப் பிடிப்பதால் எந்தக் கசிவும் கிடையாது, டைமர் ஒலிக்கும்வரை பொருள் கூடுதலாக வாழும், அவ்வளவே. பயனர் தட்டச்சை நிறுத்தி இரண்டு வினாடி கழித்து அவர் எழுதியதைச் சேமிக்கும் டைமர் இப்படிப்பட்டது. அதில் வீக் செல்ஃப் போட்டால், அவர் எழுதி முடித்த கையோடு திரையை மூடும்போது செல்ஃப் போய்விடும், பிளாக் சத்தமில்லாமல் திரும்பிவிடும், கடைசியாக எழுதிய வாக்கியம் சேமிக்கப்படாது. எந்தப் பிழையும் பதிவாகாது. கோடைப் பரிசீலித்தவர் வீக் செல்ஃப் இருப்பதைப் பார்த்து ஒப்புதல் கொடுத்திருப்பார்.

இது ஆப்பிள் உலகத்தின் தனிக்கதை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. ஆண்ட்ராய்டில் ஹேண்ட்லரின் போஸ்ட்டிலேட் மூலம் தாமதித்து ஓடும் வேலை ஆக்டிவிட்டியைப் பிடித்துக்கொள்ளும்; ஆக்டிவிட்டிக்குள் உள்வகுப்பாக எழுதும் ஹேண்ட்லருக்கு லின்ட் கருவியில் தனி எச்சரிக்கையே இருக்கிறது. அதற்குப் பரவலாகச் சொல்லப்படும் மருந்தும் வீக் ரெஃபரன்ஸ்தான், அதன் குறையும் இதே குறைதான். அங்கே பிளாக்கின் வசதி இன்னொரு விதமாகவும் காலை வாருகிறது. போட்ட வேலையைத் திரும்பப் பெற, போட்ட அதே ரன்னபிள் பொருளைக் கொடுக்க வேண்டும். காட்லின் ஃபங்ஷன் ஒன்றை மாறியில் வைத்துக்கொண்டு அதையே போஸ்ட்டிலேடுக்கும் ரிமூவ்கால்பேக்ஸுக்கும் கொடுத்தால், ஒவ்வொரு அழைப்பிலும் அதைச் சுற்றிப் புதிய ரன்னபிள் ஒன்று உருவாகிறது. இரண்டும் வேறு பொருள்கள். நிறுத்தும் வரி எழுதப்பட்டிருக்கும், ஓடவும் செய்யும், ஒன்றையும் நிறுத்தாது.

விண்டோஸில் டாட்நெட் எழுதுகிறவர்களுக்கு ஒரே தளத்தில் நேர்மாறான இரண்டு டைமர்கள் இருக்கின்றன. டபிள்யூபிஎஃப்-இன் டிஸ்பாட்சர்டைமர், அதனோடு இணைத்த செயல்முறைக்கு உரிய பொருளை உயிரோடு வைத்திருக்கும். மைக்ரோசாஃப்ட் ஆவணமே அப்படி எச்சரிக்கிறது. சிஸ்டம்.த்ரெடிங்கில் இருக்கும் டைமரோ நேர்மாறு: அதை நீங்கள் எங்காவது பிடித்துவைக்காவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்பேஜ் கலெக்டர் அதை எடுத்துப் போய்விடலாம். ஒன்று போக மறுக்கிறது, மற்றது சொல்லாமல் போகிறது. எங்கே வலுவாகப் பிடிப்பது, எங்கே விடுவது என்ற மனப்பாட விதி இவற்றில் ஏதாவது ஒன்றில் தோற்றே தீரும். இந்த டைமருக்கு உரிமையாளர் யார் என்ற கேள்வி இரண்டிலும் வேலை செய்யும்.

அந்தக் கேள்வியை நூலகமே கேட்க வைக்க முடியும் என்பதற்கு க்யூடி நல்ல சாட்சி. க்யூடைமர் இன்னொரு க்யூஆப்ஜெக்டின் குழந்தையாக இருக்கலாம். பெற்றோர் அழியும்போது டைமரும் அழியும், அதோடு நிற்கும். ஒருமுறை ஒலிக்கும் சிங்கிள்ஷாட்டுக்கு லாம்டாவைக் கொடுக்கும்போது அதனுடன் ஒரு சூழல் பொருளையும் கொடுக்கலாம். அந்தப் பொருள் இடையில் அழிந்துவிட்டால் லாம்டா அழைக்கப்படாது. சூழல் பொருளைக் கொடுக்காமல் லாம்டாவை மட்டும் கனெக்டுக்குக் கொடுத்தால் எச்சரிக்கும் சோதனை ஒன்று கிளேஸி என்ற கருவியில் இருக்கிறது. ஜிலிப் வேறு வழியில் போகிறது. அதன் கால்பேக் ஒவ்வொரு முறையும் ஒரு மதிப்பைத் திருப்பித் தர வேண்டும்: தொடரவா, நீக்கவா? ஒவ்வொரு ஒலிப்பிலும் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. ரியாக்டில் யூஸ்எஃபெக்டுக்குள் செட்இன்டர்வல் தொடங்கினால், அதே இடத்திலிருந்து நிறுத்தும் ஃபங்ஷனைத் திருப்பித் தரலாம். 2022-இல் வந்த ரியாக்ட் 18 ஸ்ட்ரிக்ட் மோடில், மேம்பாட்டின்போது ஒவ்வொரு கூறையும் வேண்டுமென்றே ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்க்கிறது. நிறுத்த மறந்தவர் அன்றே பிடிபடுவார்.

ஆப்பிளின் சொந்தக் கம்பைன் நூலகத்திலும் இதற்கு விடை இருக்கிறது. டைமர் பப்ளிஷரோடு இணைந்தால் கையில் கிடைக்கும் எனிகேன்சலபிள், தான் அழியும்போது இணைப்பையும் ரத்து செய்துவிடும். அதைத் திரை தன்னிடம் வைத்துக்கொண்டு, பிளாக்கில் வீக் செல்ஃப் எழுதினால், திரை போகும்போது டைமரும் போகும். இங்கே வீக் செல்ஃப் பயன்படுகிறது, ஏனென்றால் இங்கே உண்மையான சைக்கிள் ஒன்று இருக்கிறது. ஆனால் டைமரை நிறுத்துவது எனிகேன்சலபிள். அதை எடுத்துவிட்டு வீக் செல்ஃபை மட்டும் கொண்டுபோய்ப் பழைய டைமரில் வைத்தால் நிறுத்த ஆளில்லை. இரண்டு இடத்திலும் ஒரே எழுத்துகள் இருப்பதால் ஒரே பாதுகாப்பு கிடைக்கிறது என்று எண்ணுவதுதான் இந்தப் பழக்கத்தின் ஆபத்து.

பிளாக்கை டைமருக்குள் எழுதும்போது இன்னொன்றையும் சேர்த்து நம்பிவிடுகிறோம்: ஒரு வினாடி என்று எழுதினால் பிளாக் ஒரு வினாடிக்கு ஒருமுறை ஓடும் என்று. ஓடிபி திரையைப் பாருங்கள். "30 வினாடியில் மீண்டும் அனுப்பலாம்" என்று ஓர் எண் இறங்கிக்கொண்டிருக்கும். பல செயலிகளில் பிளாக்குக்குள் அந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்கிறார்கள். பயனர் குறுஞ்செய்தியைப் பார்க்க வேறு செயலிக்குப் போகிறார், ஐஓஎஸ் நமது செயலியை உறையவைக்கிறது, டைமர் ஒலிப்பதில்லை. அவர் திரும்பி வரும்போது, தவறிப்போன ஒலிப்புகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு முறை ஒலிக்கும். இருபது வினாடி கடந்திருக்கும், எண் ஒன்றுதான் இறங்கியிருக்கும். செயலி முன்னால் இருக்கும்போதும் உறுதியில்லை. டைமர் டிஃபால்ட் மோடில் இருந்தால், விரல் பட்டியலை உருட்டிக்கொண்டிருக்கும்வரை ரன்லூப் வேறு மோடில் இருக்கும், பிளாக் காத்துக்கொண்டிருக்கும். முடிய வேண்டிய நேரத்தைத் தேதியாகச் சேமித்துவைத்து, ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் மிச்சத்தைக் கடிகாரத்திடம் கேட்டுக் கணக்கிட்டால் இந்தத் தவறுகளுக்கு இடமில்லை. ஒலிப்பு என்பது திரையை மறுபடி வரை என்ற சைகை மட்டுமே. கடந்த நேரத்துக்கு அதைச் சாட்சியாக வைத்துக்கொள்ளக் கூடாது.

இனி கடைசி எதிர்வாதம். ஸ்விஃப்டில் அசிங்க் அவெயிட் வந்துவிட்டது, டைமரும் பிளாக்கும் பழங்கதை என்கிறார்கள். 2024-இல் வந்த ஸ்விஃப்ட் 6 இந்தப் பழைய பிளாக்கோடு ஒத்துப்போகவில்லை என்பது உண்மை. பிளாக் எந்த த்ரெட்டிலும் ஓடக்கூடியதாக அறிவிக்கப்பட்டிருப்பதால், மெயின் ஆக்டருக்கு உரியதைத் தொட்டால் கம்பைலர் தடுக்கிறது. உடனே உள்ளே ஒரு டாஸ்க் திறந்து அதற்குள் வேலையை வைத்துவிடுகிறார்கள். டைமரை நிறுத்திய பிறகும், ஏற்கெனவே வரிசையில் நின்றுவிட்ட டாஸ்க் தன் வேலையைச் செய்துவிட்டுத்தான் போகும். நிறுத்துவதற்கும் நிற்பதற்கும் இடையில் புதிதாக ஓர் இடைவெளியை உண்டாக்கியிருக்கிறோம்.

டைமரையே விட்டுவிட்டு, ஒரு டாஸ்க்குக்குள் முடிவில்லாத வைல் லூப் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வினாடி ஸ்லீப் செய்கிறவர்களும் உண்டு. ஸ்விஃப்ட்யூஐ-இல் டாஸ்க் மாடிஃபையருக்குள் இதை எழுதினால், வியூ மறையும்போது டாஸ்க் தானாக ரத்தாகும். உரிமையாளர் இருக்கிறார், நல்லது. ஆனால் ரத்து என்பது ஒரு கோரிக்கை. அதைக் கேட்டு நடக்க வேண்டியது நமது கோடு. ரத்தான டாஸ்க்கில் ஸ்லீப் காத்திருக்காமல் உடனே பிழையை எறியும். அந்தப் பிழையைக் கையாள மனமில்லாமல் ட்ரைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு விழுங்கிவிட்டால், லூப் முடிவதில்லை. ஸ்லீப் இனித் தூங்குவதுமில்லை. வினாடிக்கு ஒருமுறை ஓடிய வேலை, வியூ மறைந்த பிறகு, புராசசர் எவ்வளவு வேகமாகச் சுற்ற முடியுமோ அவ்வளவு வேகமாகச் சுற்றத் தொடங்கும். கேள்விக்குறியை எடுத்துவிட்டு அந்தப் பிழை லூப்பை உடைத்துக்கொண்டு வெளியே போக விட வேண்டும், அல்லது வைலின் நிபந்தனையிலேயே டாஸ்க் ரத்தாகிவிட்டதா என்று கேட்க வேண்டும். வகுப்பு ஒன்றுக்குள் எழுதும் இதுபோன்ற லூப்பிலும் வீக் செல்ஃப் எழுதியிருப்பார்கள். செல்ஃப் இல்லாதபோது கன்டினியூ என்று எழுதியிருந்தால் அது இந்தச் சுற்றலைத் தடுக்காது, பிரேக் என்று எழுதியிருந்தால் தடுக்கும்.